கோட்டை இடக்கைப் பக்கம்

அத்தியாயம் ஏழு

பயம் வந்தால் இம்மாகுலேற்றுக்கு வாய் நீண்டுவிடும். மற்றவர்கள் செபமாலை உருட்டுவார்கள், நகம் கடிப்பார்கள். அவள் பகிடி விடுவாள். அன்று நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை பின்னேரம், லண்டனில் நோர்பரியில் இருந்து மிச்சம் என்கிற ஊர் வரும் வரைக்கும் அருள்நேசனின் வான் வண்டியில் பின் சீற்றில் இருந்துகொண்டு அவள் ஓயாமல் கதைத்தாள். எவ்வளவு பயந்திருப்பாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"அண்ணை, வான் ஆஸ்பத்திரி மாதிரித் துப்பரவாக் கிடக்கு. இதுக்குள்ள இருந்து கச்சான் கடலை சாப்பிட்டா ஃபைன் அடிப்பியளோ?"

முன் சீற்றில் இருந்த யோகலிங்கம் திரும்பி முறைத்தார். யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில் பதினெட்டு வருஷம் முதலியாராக இருந்தவர் அவர். அதாவது, சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்கிற உத்தியோகம். லண்டனுக்கு அகதியாக வந்த பிறகு நோர்பரியில் ஒரு வீடியோக் கடைக்கு மேலே அறை எடுத்து, 'தனியார் விசாரணைகள்' என்று பலகை மாட்டியிருந்தார். காலையில் தபால் கந்தோரில் வேலை செய்யும் இம்மாகுலேற் பின்னேரங்களில் அவருக்கு உதவி. சம்பளம் ஒழுங்காக வராது, வசவு ஒழுங்காக வரும்.

அருள்நேசன் றோட்டைப் பார்த்து வான் ஓட்டினான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். அவன் இருக்கிற வட லண்டன் எட்மண்டன் பக்கத்தில் அவனைத் தங்கமான பிள்ளை என்று சொல்லாத ஆள் இல்லை.

அவனுடைய மனைவி இசபெல் நான்கு மாதத்துக்கு முன் பாஸ்போர்ட்டையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு காணாமல் போய்விட்டாள். பிறகு ஸ்பெயினில், டொலேடோ என்ற பழைய ஊரிலிருந்து மூன்று போஸ்ட்கார்ட் வந்தது. கையெழுத்து அவளுடையதுதான். மூன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: என்னைத் தேட வேண்டாம், நான் நிம்மதியாக இருக்கிறேன்.

"எங்க இருக்கிறா எண்டு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ ஐயா. நானோ இங்கிலாந்தை விட்டு ஒரு நாளும் வெளிய போனதில்லை. அந்த ஊர் கிழக்கோ மேற்கோ எண்டும் தெரியாது." இரண்டு கிழமைக்கு முன் அறைக்கு வந்து இப்படிச் சொல்லி அவன் கண்ணைத் துடைத்தபோது யோகலிங்கத்துக்கு நெஞ்சு இளகிவிட்டது.

இம்மாகுலேற்றுக்கு இளகவில்லை. இந்த இரண்டு கிழமையில் அவன் 'எங்க' என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டான். 'எப்படி இருக்கிறா' என்று ஒரு தரமும் கேட்கவில்லை. அவளுக்கு அவனைப் பார்த்தாலே விலகி நிற்கத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வம்பு என்னவென்றால், அவர்களை இன்றைக்கு மிச்சத்துக்குக் கொண்டுவந்ததே அவளுடைய மூளைதான். கார்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, மூன்றிலும் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. "யாழ்ப்பாணத்துப் பொம்பிளை ஒருத்தி பிற ஊரில நாலு மாதம் இருந்திட்டு, அங்க என்ன தின்னுறன் எண்டு எழுதாமல் விடுவாளோ அண்ணை? ஆறு எழுதியிருக்கு, பாலம் எழுதியிருக்கு, சோறு எழுதேல்லை. இவ அங்க இல்லை." இரண்டாவது, தபால் முத்திரை மூன்றுமே மாதத்தின் முதல் கிழமை, முதல் ஏழு நாளுக்குள். மாதா மாதம் முதல் கிழமையில் லண்டனில் இருந்து டொலேடோவுக்குக் கோச் பஸ் விடுவது யார் என்று விசாரித்தால் ஒரே ஒரு பேர்தான் வந்தது. மரியநாயகி ரீச்சர். மிச்சத்தில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்க ஸ்லைட் படம் காட்டுகிறவர்.

யோகலிங்கம் சந்தோஷத்தில் அதைக் கட்சிக்காரருக்கு உடனே போன் பண்ணிச் சொல்லிவிட்டார். 'நானும் வாறன்' என்று அருள்நேசன் வானோடு வந்து நின்றான்.

மண்டபத்துக்குள் நாற்பது பேர் இருப்பார்கள். குளிர்க் கோட்டைக் கழற்றாமல், மடியில் பையை வைத்துக்கொண்டு, இரும்புக் கதிரைகளில் இருந்தார்கள். யோகலிங்கம் மூன்றாம் வரிசையில் நடுவில் இருந்தார். அவருக்கு ஒரு பக்கம் அருள்நேசன், மறு பக்கம் இம்மாகுலேற். லைட் அணைந்தது. பின்னால் புரொஜெக்டர் இரைய, முன் சுவரில் ஒரு மலையும் ஒரு ஆறும் எழுந்தன.

மரியநாயகி ரீச்சர் அந்தக் காலத்தில் சரித்திரம் படிப்பித்தவர். திரைக்கு முதுகைக் காட்டி, சனத்தின் முகத்தைப் பார்த்துத்தான் கதைப்பார். கையிலே ஒரு பிரம்பு. அதை நிலத்தில் தட்டினால் பின்னால் யாரோ அடுத்த ஸ்லைட்டைத் தள்ளுவார்கள்.

"இந்த ஆத்துக்குப் பேர் டாஹோ. ஊரை மூண்டு பக்கமும் சுத்தி ஓடுது. அதாலதான் எதிரியளுக்கு லேசில உள்ள வர ஏலாமப் போனது. உள்ள இருக்கிறவைக்கு வெளிய போறதும் லேசில்லை." தட்டு. "இது யூத ஆக்களின்ர தொழுகைக்கூடம். கட்டினது முஸ்லிம் மேசன்மார். பிறகு எங்கட கத்தோலிக்க ஆக்கள் கோயிலா ஆக்கினவை. ஒரு சுவரில மூண்டு வேதம். வெள்ளைத் தூணுகளைப் பாருங்கோ." தட்டு. "இது சான் மார்ட்டின் பாலம். எழுநூறு வருசம் இருக்கும்."

"ரீச்சர், அங்க சோறு கிடைக்குமோ?" முன் வரிசையில் ஒரு அம்மா.

"கன்னியாஸ்திரிமார் பாதாம் பருப்பில இனிப்புச் செய்யினம். சோத்துக்கு ரைஸ் குக்கர் கோச்சில வரும், பயப்பிடாதேங்கோ."

சனம் சிரித்தது. யோகலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாவது கார்டை மடியில் வைத்து, புரொஜெக்டர் வெளிச்சம் படுகிற பக்கம் சரித்துப் பிடித்திருந்தார். அதன் முன்பக்கத்தில் பாலத்தின் படம். பின்பக்கத்தில் இசபெல் எழுதியதை இம்மாகுலேற் மனப்பாடமாகவே வைத்திருந்தாள்: ஆற்றுக்கு அக்கரையில் நின்று ஊரைப் பார்த்தேன், இடக்கைப் பக்கம் நாலு கோபுரக் கோட்டை, வலக்கைப் பக்கம் பேராலயம், நடுவில் வீடுகள்.

தட்டு. ஆற்றுக்கு அக்கரையில் இருந்து எடுத்த படம் சுவரில் விழுந்தது. மலை முழுக்க வீடுகள். இடக்கைப் பக்கம் நாலு கோபுரக் கோட்டை. வலக்கைப் பக்கம் பேராலயம்.

யோகலிங்கத்தின் தோள் தொங்கிவிட்டது. "இம்மா, கார்டில எழுதினது அப்பிடியே சரியாக் கிடக்கு. பிள்ளை உண்மையா அங்கதான் நிண்டிருக்கு. உன்ர சோத்துக் கதை பிழைச்சுப் போச்சு."

அப்போதுதான் அவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, தனக்குத்தானே சொல்வது போல, அந்தத் தாழ்ந்த குரல் வந்தது. "மாறிப் போட்டிருக்கினம். கோட்டை மற்றப் பக்கம்."

சொன்னது அவ்வளவுதான். ஆனால் முன் வரிசை அம்மாவுக்குக் காது கூர்மை. "ரீச்சர், படம் மாறிக் கிடக்காம்."

மரியநாயகி திரும்பிச் சுவரைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்து இன்னொரு தரம் பார்த்தார். "அட, ஓம். ஸ்லைட் மறுபக்கமாச் செருகியிருக்கு. கோட்டை வலக்கைப் பக்கம் வரவேணும். நான் உங்கட முகத்தைப் பாத்துக் கதைக்கிறதால எத்தினை மாதமா இப்பிடி விழுதோ தெரியேல்லை." பிரம்பு தட்டியது. படம் போய்விட்டது.

யோகலிங்கத்தின் கை இம்மாகுலேற்றின் மணிக்கட்டைப் பிடித்தது. கண்டுபிடித்துவிட்டால் அவர் அப்படித்தான், பிடித்த கையை நோகடித்துவிடுவார். "விளங்கிச்சோ? உண்மையான ஊரில கோட்டை வலப் பக்கம். இசபெல் எழுதினது இடப் பக்கம். உலகத்தில ஒரே ஒரு இடத்திலதான் அது இடப் பக்கம் இருக்கு. இந்தச் சுவரில. அவ டொலேடோவைப் பாத்ததே இந்த மண்டபத்துக்குள்ளதான். இங்க இருந்து எழுதிக் குடுக்கிறா, ரீச்சர் கொண்டுபோய்ப் போடுறா. பிள்ளை லண்டனில இருக்கு."

வேறு நாளாக இருந்தால் இம்மாகுலேற் கைதட்டியிருப்பாள். இப்போது அவர் காதுப் பக்கம் குனிந்தாள். "அண்ணை, அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"எவருக்கு?"

"கோட்டை மற்றப் பக்கம் எண்டு. இங்கிலாந்தை விட்டு வெளிய போகாத ஆளெல்லோ."

கெட்டிக்காரத்தனம் முகத்தை விட்டு இறங்குவதை இருட்டிலும் பார்க்க முடிந்தது. யோகலிங்கம் மெல்லத் திரும்பி அருள்நேசனைப் பார்த்தார். அவன் அவர்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"செப்டெம்பரில போனனான் ஐயா. நாலு நாள். ஒவ்வொரு தெரு ஒழுங்கையா அவவின்ர படத்தைக் காட்டிக் கேட்டன். கடைசி நாள் ஆத்துக்கு அங்கால போய், இந்தக் கார்டைக் கையில வைச்சுக்கொண்டு பாத்தன். கோட்டை வலக்கைப் பக்கம் நிண்டுது. அண்டைக்கே தெரியும், இவ இங்கதான் இருக்கிறா எண்டு."

"அப்ப ஏன் என்னட்ட வந்தனீர்?"

"ஆர் ஒளிச்சு வைச்சிருக்கினம் எண்டு தெரியேல்லை. என்னைக் கண்டா எங்கட சனம் வாய் திறக்காது. உங்களுக்குச் சொல்லும். நீங்கள் கெட்டிக்காரர் எண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தனான்." ஒரு பெருமூச்சு விட்டான். நல்ல சாப்பாடு சாப்பிட்டு முடித்தவன் விடுகிற பெருமூச்சு. "படம் முடியட்டும். லைட் வந்தோடன ரீச்சரோட கதைப்பம்."

இம்மாகுலேற் எழுந்தாள். "எனக்கு ஒரு தேத்தண்ணி வேணும்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, கதிரைகளில் முழங்காலை இடித்துக்கொண்டு பின் பக்கம் போனாள். அங்கே சமைக்கிற குசினி இருப்பது வரும்போதே தெரியும். தேத்தண்ணியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அந்த ஆள் இருக்கிற வரிசையை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

புரொஜெக்டர் மேசையைக் கடக்கும்போதுதான் அந்தக் கையைக் கண்டாள். பெட்டியின் இடுக்கு வழியாக வழிந்த வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் கை ஸ்லைட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. கோணலாக, குச்சி போல நீட்டிக்கொண்டு நின்றன. ஸ்லைட்டை நேர்ப்பக்கமாகத் திருப்ப அந்தக் கைக்கு ஏலாது. மேலே ஒரு முகம். அருள்நேசன் கொடுத்த கலியாணப் படத்தில் பார்த்த அதே முகம்தான், பாதியாக வற்றியிருந்தது. லைட் அணைகிற நேரத்தில்தான் வந்து இருந்திருக்க வேண்டும்.

"இசபெல்?"

அந்த முகத்தில் இருந்து இரத்தம் இறங்குவதை இம்மாகுலேற் கண்ணால் பார்த்தாள்.

"சத்தம் போடாதேங்கோ. அவர் மூண்டாம் வரிசையில இருக்கிறார்" என்றாள் இம்மாகுலேற்.

இசபெல் கத்தவில்லை, அழவில்லை. கோணல் விரல்கள் மட்டும் மேசையில் தாளம் போடுவது போல அடித்துக்கொண்டன. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

நாங்கள்தான் என்று சொல்ல இம்மாகுலேற்றுக்கு வாய் வரவில்லை. வேறு நேரத்தில் எப்படியெல்லாம் நீளுகிற வாய். "எத்தினை ஸ்லைட் மிச்சம் கிடக்கு?"

"ஒம்பது."

ஒன்பது முடிந்தால் லைட் வரும். லைட் வந்தால் சனம் திரும்பும். தட்டு. எட்டு.

"குசினிக்குப் பின்னால வழி இருக்கோ?"

"பின் றோட்டுக்கு இறங்கலாம். ஆனா குசினிக்குள்ள லைட் எரியுது. கதவைத் திறந்தா வெளிச்சம் என்னில விழும். நான் போனா இதை ஆர் தள்ளுறது?"

"நான் தள்ளுறன். நான் போய் லைட்டை நூத்திட்டு வாறன், பிறகு நீங்கள் போங்கோ. ஓடாதேங்கோ. நடவுங்கோ."

அவள் குசினிக் கதவைத் திறந்தாள். வெளிச்சம் ஒரு பாய் அகலத்துக்கு மண்டபத்துக்குள் விழுந்தது. இரண்டு மூன்று தலை திரும்பியது. மூன்றாம் வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரனின் தலையும் திரும்பியது. கதவில் நின்றது தேத்தண்ணிக்குப் போன இம்மாகுலேற்தான். தலை திரும்பிக்கொண்டது. அவள் உள்ளே போய் லைட்டை அணைத்து, சுவரைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தாள். பிரம்பு இரண்டு தரம் தட்டிவிட்டிருந்தது. இசபெல் எழுந்தாள், அவளுடைய உடுப்பு இம்மாகுலேற்றின் கையில் உரசியது. சின்னதாகக் காற்று வந்தது. பிறகு காற்று நின்றது.

போய்விட்டாள். கோட்டுக்கூட இல்லாமல் போய்விட்டாள்.

இம்மாகுலேற் அடுத்த ஸ்லைட்டைத் தள்ளினாள். பேராலயம் தலைகீழாகத் தொங்கியது. சனம் சிரித்தது. "பின்னால ஆர் பிள்ளை?" என்று ரீச்சர் கேட்டார். தன் ஸ்லைட்டுக்காரி மாறியது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"புது ஆள் ரீச்சர். பழகிக்கொண்டு இருக்கிறன்."

பழக நேரம் இல்லை. ஸ்லைட் முடிந்து லைட் வந்தது.

அருள்நேசன் எழும்பவில்லை. யோகலிங்கத்தின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னான். பின்னால் நின்ற இம்மாகுலேற்றுக்கு அது கேட்கவில்லை. ஆனால் யோகலிங்கம் எழுந்து நின்றார். தன் குளிர்க் கோட்டை இழுத்துவிட்டார். பதினெட்டு வருஷம் நீதிமன்றத்தில் முழங்கிய அந்தக் குரலில், சாட்சி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மண்டபத்துக்கு எடுத்துச் சொன்னார்.

"'ரீச்சரிட்ட நீங்களே கேளுங்கோ, என்ர மனுசியை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறா எண்டு.'"

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயா, மெதுவா" என்றான் அருள்நேசன்.

"'ஐயா, மெதுவா.'"

"எனக்கு அவவில ஒரு கோவமும் இல்லை. வீட்டை கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்."

"'எனக்கு அவவில ஒரு கோவமும் இல்லை. வீட்டை கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்.'" மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு மனிதன் தாழ்ந்த குரலில் சொல்வதை உரத்துச் சொன்னால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று சனத்துக்கு விளங்கத் தொடங்கியது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள்.

இந்த இடத்தில் இம்மாகுலேற் பேசாமல் இருந்திருக்க வேண்டும். பயம் விடவில்லை. "அந்த ரெண்டு விரலும் எப்பிடி முறிஞ்சது எண்டும் கேளுங்கோ அண்ணை" என்று பின்னால் இருந்து சொல்லிவிட்டாள்.

"அது கதவுக்குள்ள நசிஞ்சது" என்றான் அருள்நேசன்.

"'அது கதவுக்குள்ள நசிஞ்சது.' ஆர் சாத்தின கதவு எண்டு சாட்சி சொல்லேல்லை."

ஆனால் அருள்நேசன் யோகலிங்கத்தைப் பார்க்கவில்லை. புரொஜெக்டரைப் பார்த்தான். அதன் பின்னால் இருந்த வெறுங்கதிரையில் தொங்கிய பெண்களின் கோட்டைப் பார்த்தான். குசினிக் கதவைப் பார்த்தான். விரலைப் பற்றி இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் நினைப்பது இம்மாகுலேற்றுக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது. கை வாய்க்குப் போனது. இனிப் போய் என்ன.

குசினிக்கும் அவனுக்கும் நடுவில் இப்போது இருபது பேர் நின்றார்கள். அவன் சிரித்தான். "சரி. ஆரும் இங்கயே படுக்கப் போறதில்லைத்தானே" என்று சொல்லிவிட்டு, முன் கதவால் இறங்கிப் போனான்.

வான் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. என்ஜின் சத்தம் கேட்கவில்லை. யோகலிங்கம் யன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். வான் கேற்றை அடைத்தபடி நின்றது. ஹெட்லைட் இரண்டும் மண்டப வாசலைப் பார்த்து எரிந்தன. வெளியே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பதற்காக.

மரியநாயகி ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டார். "பிள்ளை எங்க?"

"பின் றோட்டால போயிட்டா. எங்க போவா ரீச்சர்?" என்று கேட்டாள் இம்மாகுலேற்.

"ஒரு நாள் இப்பிடி வந்தா எங்க போகவேணும் எண்டு நாங்கள் கதைச்சு வைச்சனாங்கள். விக்டோரியா ஸ்ரேசனுக்குப் போய் வெளியூர்க் கோச் எடுக்கவேணும். ரெண்டு பஸ் மாறவேணும். அதுக்குப் பிறகு..."

"சொல்லாதேங்கோ" என்றார் யோகலிங்கம். ஒரு விஷயத்தை அறிய விரும்பாமல் அந்த மனிதர் வாழ்க்கையில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "எனக்குத் தெரியக் கூடாது. விக்டோரியாவுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"சனிக்கிழமை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல."

"பிள்ளை குசினிக்குள்ள ஒளிச்சிருக்கு எண்டு நினைச்சுத்தான் நிக்கிறான். அவன் அங்க இருக்குமட்டும் பிள்ளை போகலாம். நாங்கள் இங்க இருக்குமட்டும் அவன் அங்க இருப்பான்." யோகலிங்கம் சனத்தைப் பார்த்தார். கையில் இன்னும் அந்தக் கார்ட். "ரீச்சர், இந்தப் படம் முழுக்கக் காட்ட எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிசம்."

"ரெண்டு தரம் காட்டுங்கோ."

வீட்டில் பிள்ளைகள் காத்திருந்தவர்கள், ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள், எல்லோரும் திரும்ப வந்து இருந்தார்கள். முன் வரிசை அம்மா செபமாலையை எடுத்தாள். யாரோ லைட்டை அணைத்தார்கள். திரைச்சீலையின் இடுக்கு வழியாக ஹெட்லைட் வெளிச்சம் ஒரு கோடாகச் சுவரில் விழுந்தது.

மரியநாயகி பிரம்பைத் தட்டினார். இம்மாகுலேற் முதல் ஸ்லைட்டைத் தள்ளினாள். பகிடி ஒன்றும் வரவில்லை. மலையும் ஆறும் திரும்ப எழுந்தன.

"இந்த ஆத்துக்குப் பேர் டாஹோ" என்று ரீச்சர் தொடங்கினார்.

நாற்பது பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு, என்ஜின் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.